வாசகர் கேள்வி – பதில்: நாற்பது நிமிடத்தில் எழுத்தை அளந்துவிட முடியுமா?

தரப்படுத்தப்பட்ட தேர்வுகளின் எழுத்துப் பகுதி, மாணவரின் எழுத்துத் திறனை அளப்பதில்லை, அவருடைய முதல் வரைவை மட்டுமே அளக்கிறது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

ஐயா, நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவள். கல்லூரி ஆண்டுமலரின் மாணவ ஆசிரியராகவும் இருந்தேன். சென்ற மாதம், வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். 9-க்குக் கேட்டலில் 8, வாசித்தலில் 8.5, பேசுதலில் 7.5 கிடைத்தன, எழுத்தில் மட்டும் 6. நான் சேர விரும்பும் பல்கலைக்கழகம் எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்கிறது. எனக்கு எழுத வராது என்றுதான் இந்தத் தேர்வு சொல்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது என்ன சொல்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதிய பகுதி மொத்தம் 60 நிமிடம். ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொற்கள் எழுத 20 நிமிடமும், பொதுப் பொருள் ஒன்றைப் பற்றி வாதிட்டுக் குறைந்தது 250 சொற்கள் எழுத 40 நிமிடமும் எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறது. இரண்டாவது கட்டுரைக்கு முதலாவதைப்போல் இரண்டு மடங்கு மதிப்பு. கேட்டதற்கு முழுமையாக விடை சொன்னீர்களா, கருத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காகத் தொடர்கின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்ற நான்கு அளவுகோல்களுக்கும் சம எடை கொடுத்து மதிப்பிடுகிறார்கள். உங்கள் மொழியறிவில் குறையில்லை என்பதற்கு வாசித்தலில் வாங்கிய 8.5 சான்று. ஆகவே மதிப்பெண் குறைந்தது பெரும்பாலும் முதல் இரண்டு அளவுகோல்களில்தான் இருக்கும் என்பது என் ஊகம். இலக்கியம் படித்தவர்கள் ஒரு சின்னக் காட்சியில் தொடங்கி, சுற்றி வந்து, தம் கருத்தைக் கடைசியில் வைக்கப் பழகியவர்கள். அந்தத் தேர்வோ உங்கள் நிலைப்பாடு என்ன என்பது தொடக்கம் முதலே தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இது தவறான எதிர்பார்ப்பு அன்று. பல்கலைக்கழகக் கட்டுரைகளில் அதற்குத் தேவை உண்டு. ஆனால் எழுத்து என்பது அது ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அரசு சாலைகளுக்குச் செலவிட வேண்டுமா, பொதுப் போக்குவரத்துக்குச் செலவிட வேண்டுமா என்ற தலைப்பைக் கொடுத்து, கடிகாரத்தை மேசைமேல் வைத்து, நாற்பது நிமிடம் எழுதச் சொன்னேன். கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருவர், பொதுப் போக்குவரத்து ஏழை மக்களுக்கு மிகவும் பயன்படுகிறது, சுற்றுச்சூழலைக் காக்கிறது, நெரிசலைக் குறைக்கிறது என்று மூன்று பத்திகள் எழுதித் தந்தார். பிழை அதிகமில்லை, உயிரும் இல்லை. அதே கட்டுரையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தி எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்த மூன்றாவது வரைவில், இரண்டாம் பத்தி இப்படித் தொடங்கியது: “காலை 5.40-க்கு எங்கள் ஊருக்கு வரும் பேருந்து ஒருநாள் வராவிட்டால், என் பெரியம்மா விடியுமுன் பறித்த மல்லிகை சந்தைக்குப் போகாமல் கூடையிலேயே விரிந்துவிடும்.” அந்த வரிக்குப் பிறகு ‘ஏழை மக்கள்’ என்ற சொல் அந்தக் கட்டுரையில் வரவே இல்லை; வரத் தேவையும் இருக்கவில்லை. பெரியம்மாவும் மல்லிகையும் முதல் நாளும் அவருக்குத் தெரிந்தவைதாம். ஆனால் தான் சொல்ல வந்ததற்கு அவைதாம் சான்று என்பதைக் கண்டுகொள்ள அவருக்கு இரண்டு வாரமும் இரண்டு அடித்தல் திருத்தல்களும் தேவைப்பட்டன. எந்தக் கடிகாரத் தேர்வும் அந்த மாணவியின் மூன்றாவது வரைவைப் பார்க்காது. நான் சென்ற இதழில் சொன்னதன் பொருள் இதுதான்.

இனி உங்கள் காரியம். முடிவை மறுமதிப்பீடு செய்யும்படி, தேர்வெழுதிய ஆறு வாரத்துக்குள் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். மற்றப் பகுதிகளுக்கும் உங்கள் எழுத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது அது கேட்டுப் பார்க்கத் தக்கதே. கணினிவழித் தேர்வு எழுதியிருந்தால், ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மீண்டும் எழுதும் வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மறுமுறை எழுதும்போது கருத்தை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள்.

நீளமாக எழுதினால் மதிப்பெண் கூடும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். இது வெறும் வதந்தியா, உண்மையா?
– ஆங்கில ஆசிரியர், மதுரை

இதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறே இருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்டு அட்கின்சன் 2001-இல், அப்போதிருந்த வடிவிலான எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வைத் தம் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு இனிக் கேட்க வேண்டாம் என்று முன்மொழிந்தார். அதைத் தொடர்ந்து தேர்வு மாற்றியமைக்கப்பட்டு, 2005 மார்ச் முதல் 25 நிமிடக் கட்டுரை ஒன்றும் அதில் இடம்பெற்றது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்து, ஆளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் இட்டார்கள்.

எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பு வகித்த லெஸ் பெரல்மன், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு மாதிரிக்காக வெளியிட்ட மதிப்பெண் இட்ட கட்டுரைகளை எடுத்து, அவற்றின் சொற்களை எண்ணிப் பார்த்தார். 100 சொற்களை ஒட்டிய மிகச் சிறிய கட்டுரைகளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணும், 400 சொற்களை எட்டிய நீளமானவற்றுக்கு மிக உயர்ந்த மதிப்பெண்ணும் விழுந்திருந்தன. கட்டுரையைப் படிக்காமல் நீளத்தை மட்டும் பார்த்து மதிப்பெண்ணைச் சொன்னாலே 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இருக்கும் என்பது அவர் கண்டது. செய்திப் பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று மதிப்பீட்டாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒரு போர் தொடங்கிய ஆண்டைத் தவறாக எழுதினாலும் கட்டுரைக்குச் சேதமில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. சொல்ல விஷயம் உள்ளவர் கூடுதலாக எழுதுவார் என்பது இயல்பே. அறிமுகமில்லாத தலைப்பில் 25 நிமிடத்துக்குள் தேதிகளைச் சரிபார்க்கச் சொல்வதும் நியாயமாகாது. காலேஜ் போர்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, வாசித்தல், கணிதம், எழுத்து என்ற மூன்று பகுதிகளில் எழுத்துப் பகுதியின் மதிப்பெண்ணே கல்லூரி முதலாண்டுத் தேர்ச்சியை மற்ற இரண்டையும்விடச் சற்று நன்றாக முன்கூட்டிக் காட்டியது என்றது. ஆனால் அந்தப் பகுதியில் கட்டுரைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைதான். எஞ்சிய பெரும்பகுதி, வாக்கியங்களைத் திருத்தும் கொள்குறி வினாக்கள். இரண்டையும் கலந்து கிடைத்த எண்ணைக் கட்டுரையின் வெற்றியாகக் காட்ட முடியாது.

உங்கள் மாணவர்களிடம் நீளம் குற்றமில்லை என்று சொல்லுங்கள். ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லி நீட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மனிதர்கள் திருத்தினால் ஆளுக்கு ஒரு மதிப்பெண். மனநிலைக்கு ஒரு மதிப்பெண். கணினியிடம் விட்டுவிடுவதே எல்லோருக்கும் சமநீதி அல்லவா?
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கோயம்புத்தூர்

உங்கள் கவலையின் முதற்பாதி முழு உண்மை. 1961-இல், தேர்வுகளை உருவாக்கி நடத்தும் இ.டி.எஸ். என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக பால் டீடெரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 300 மாணவர் கட்டுரைகளை, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, எந்த அளவுகோலும் சொல்லாமல் ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 94 விழுக்காடு கட்டுரைகள் குறைந்தது ஏழு வேறு வேறு தரங்களைப் பெற்றன. ஒரே கட்டுரைக்கு ஒருவர் முதல் தரமும் இன்னொருவர் கடைசித் தரமும் கொடுப்பதென்பது அங்கே அபூர்வமாக இல்லை. ஒருவர் கருத்தைத் தேடினார், ஒருவர் பிழையைத் தேடினார், ஒருவர் நடையைத் தேடினார்.

இதற்குக் கண்ட மருந்துதான் இன்றைய முறை. அளவுகோலை அச்சிட்டுக் கொடுத்து, மாதிரிக் கட்டுரைகளில் பழக்கி, எல்லோரும் ஒரே மாதிரி மதிப்பிடும்வரை பயிற்சி தருவார்கள். நம் பி.எட். பாடநூல்களின் மொழியில் சொன்னால், நம்பகத்தன்மை கூடிவிடுகிறது. ஏற்புடைமை கூடுகிறதா என்பது வேறு கேள்வி. தராசு ஒவ்வொரு முறையும் ஒரே எடையைக் காட்டுவது ஒன்று. தட்டில் இருப்பது நாம் எடைபோட நினைத்த பொருள்தானா என்பது இன்னொன்று. 53 பேரும் ஒத்துப்போக வேண்டுமானால், அந்த 53 பேரும் கருத்து வேறுபடும் இடங்களை அளவுகோலிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது. எழுத்தின் அழகு பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

இது புதிய நோயும் அன்று. பழைய சீனத்தின் அரசுப் பணித் தேர்வுகளில், கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு விடைத்தாளையும் எழுத்தர்களை வைத்து மறுபடி எழுதி, அந்தப் படியைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். எவ்வளவு கண்ணும் கருத்துமான நேர்மை! அதே தேர்வில்தான், ஒப்பிட்டுத் திருத்த வசதியாக, எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரை வடிவம் ஒன்று இறுகி நின்று, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த அச்சுக்குள்ளேயே எழுதப் பழகினார்கள். 1905-இல் அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. போட்டியாளருக்குள் பாகுபாடு கூடாது என்ற நல்லெண்ணம், எல்லோரும் ஒரே போல எழுத வேண்டும் என்பதில் போய் முடியும் ஆபத்து எப்போதும் உண்டு.

இப்போது கணினி. 1966-இலேயே எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கட்டுரை திருத்தும் கணினி நிரல் ஒன்றுக்கு வழி காட்டினார். கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்ற வெளி அடையாளங்களை வைத்து, மனிதர் இடக்கூடிய மதிப்பெண்ணை அது கணித்தது. பிற்காலத்து நிரல்கள் மிகவும் நுட்பமானவை. ஆனாலும் மனிதர் இட்ட மதிப்பெண்ணைக் கணிப்பதே அவற்றின் வேலை. பெரல்மனும் மாணவர் சிலரும் 2014-இல் ‘பேபல்’ என்ற நிரல் ஒன்றை எழுதினார்கள். அதற்கு ஓரிரு சொற்களைக் கொடுத்தால், பெரிய பெரிய சொற்களால் ஆன, இலக்கணம் சரியான, பொருளே இல்லாத கட்டுரை ஒன்றை நொடியில் தரும். அப்படிப்பட்ட கட்டுரைக்குத் தானியங்கித் திருத்த மென்பொருள் ஒன்று 6-க்கு 5-க்கு மேல் மதிப்பெண் இட்டது. பட்ட மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் மனித மதிப்பீட்டாளரும் இ-ரேட்டர் என்ற நிரலும் சேர்ந்து திருத்துகிறார்கள், இருவரும் விலகினால் இன்னொரு மனிதரிடம் போகிறது. அந்த ஏற்பாடு எனக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது. மனிதக் கண் படாத திருத்தத்தை, எந்தக் குழந்தையின் எதிர்காலமும் தொங்கும் தேர்வில் நான் ஏற்க மாட்டேன். எழுதுகிறவர் யாரோ ஒருவர் படிப்பார் என்று நம்பித்தான் எழுதுகிறார்.

என் மகன் இங்கே பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். எஸ்.ஏ.டி. கட்டுரையை எடுத்துவிட்டார்களே, இனிப் பல்கலைக்கழகங்கள் எழுத்தை எப்படிப் பார்க்கும்? தேர்வு இருந்ததே நல்லதோ என்றும் தோன்றுகிறது.
– வாசகி, நியூ ஜெர்சி

2016-இல் அந்தக் கட்டுரையை 50 நிமிடமாக்கி, கொடுத்த பகுதியைப் படித்து, அதன் ஆசிரியர் எப்படி வாதிடுகிறார் என்று ஆராயும்படி மாற்றினார்கள். விரும்பினால் எழுதலாம் என்றும் ஆக்கினார்கள். என் பார்வையில் அது முந்தையதைவிட எவ்வளவோ மேலான வினா. ஆனால் 2018 வாக்கில் ஹார்வர்டு உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன. 2021 ஜனவரியில் காலேஜ் போர்டு பொதுத் தேர்விலிருந்து அதை நீக்குவதாக அறிவித்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வுக் கட்டுரைக்குப் பதிலாக, மாணவர் பள்ளியில் ஒரு பாடத்துக்காக எழுதி, ஆசிரியர் திருத்தி மதிப்பெண் இட்ட கட்டுரை ஒன்றை விண்ணப்பத்தோடு கேட்டது. ஒரு பிள்ளை படித்து, யோசித்து, கெடுவுக்குள் எழுதி, ஆசிரியரின் குறிப்புகளோடு திரும்பப் பெற்ற தாள் அது. அதில் எழுத்தும் தெரியும், எழுதக் கற்ற சூழலும் தெரியும்.

உங்கள் இரண்டாவது எண்ணத்தையும் தள்ளிவிட முடியாது. வீட்டில் எழுதும் கட்டுரையில் பெற்றோரின் கையும், கட்டணம் வாங்கும் ஆலோசகரின் கையும், 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு செயற்கை நுண்ணறிவின் கையும் படியலாம். தேர்வறைக்குள் அந்தக் கைகள் வருவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் வெர்மான்ட் மாநிலம் ஆண்டு முழுவதும் எழுதியவற்றைத் தொகுத்து மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தபோது, மதிப்பீட்டாளர்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். குறையில்லாத மாற்று எதுவும் கிடையாது. ஆகவே இரண்டும் வேண்டும் என்பேன்: மேற்பார்வையில் எழுதிய ஒன்று, நிதானமாகத் திருத்தி எழுதிய ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் யார் என்பது தெரிந்துவிடும். மகனிடம், பள்ளியில் எழுதித் திரும்ப வந்த தாள்களை எறியாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயிற்சி மையத்தில் பன்னிரண்டு வாக்கியங்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துமாம். செய்யலாமா?
– மாணவர், திருநெல்வேலி

வேண்டாம். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தத் தலைப்பைப் பற்றியும் எதுவும் சொல்லாது. மனப்பாட வாக்கியங்களைக் கண்டுபிடிக்க மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. நீங்கள் ஜி.ஆர்.இ. எழுதுவதானால், கட்டுரைத் தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் இ.டி.எஸ். தன் இணையதளத்தில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. தினம் ஒரு தலைப்பை எடுத்து, எழுதாமல், உங்களுக்குத் தெரிந்த ஊரிலிருந்தோ வீட்டிலிருந்தோ இரண்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் யோசித்துக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை கடிகாரம் வைத்து முழுக் கட்டுரை எழுதுங்கள். 2023 செப்டம்பர் முதல் அந்தத் தேர்வில் இரண்டு கட்டுரைகளுக்குப் பதில் ஒன்றுதான். அந்த ஒரு தலைப்பு உங்களுக்குப் பிடிக்காததாக அமைந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். அது தேர்வின் குறை; உங்கள் குறை அன்று.

நீங்கள் வெளிநாட்டுத் தேர்வுகளையே பேசுகிறீர்கள். நம் பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையும் முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளைக் கொடுத்துத்தானே எழுதச் சொல்கிறது? ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நான் என்னதான் செய்ய முடியும்?
– அரசுப் பள்ளித் தமிழாசிரியை, அரியலூர்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அம்மா. ஆனாலும் குறிப்புகளைக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் குறிப்புகள் கைத்தடி. பெயரை மறைத்து, எல்லா ஊர்ப் பிள்ளைகளின் தாளையும் ஒரே கட்டில் வைத்துத் திருத்தும் பொதுத்தேர்வுதான், சிபாரிசு சொல்ல ஆளில்லாத பிள்ளைக்குக் கதவைத் திறந்தது. அதை இழக்க நான் சம்மதிக்கமாட்டேன். என் வருத்தமெல்லாம், கைத்தடியைப் பிடித்து நடப்பதையே நடையின் இலக்கணமாக்கி, வகுப்பறையிலும் ஆண்டு முழுவதும் தேர்வுக் கட்டுரையை மட்டுமே எழுதவைப்பதில்தான்.

ஐம்பது கட்டுரைகளை முழுவதும் திருத்துவது ஒரு மனிதரால் ஆகிற காரியம் அன்று. நானும் முயன்று தோற்றவன்தான். பிற்பாடு நான் செய்தது இது. மாதம் ஒரு கட்டுரை மட்டும் எழுதச் சொல்வேன். அதை வாங்கித் திருத்தாமல் பத்து நாள் அலமாரியில் வைத்துவிட்டு, அவரவர் தாளை அவரவரிடமே திருப்பிக் கொடுப்பேன். தாங்கள் எழுதியதில் நம்பத் தோன்றாத ஒரு வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, அந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் மாற்றி எழுத வேண்டும். நான் படிப்பது அந்த ஐம்பது வாக்கியங்களைத்தான். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

முதல் மாதம் பாதிப் பேர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார்கள். மூன்றாம் மாதம் ஒரு மாணவன், “மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன” என்ற தன் வாக்கியத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: “பேருந்து நிறுத்தத்தில் இருந்த புங்கமரத்தை வெட்டிய பிறகு, எல்லோரும் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறோம்.”